எழுவத்தஞ்சு வெளக்கு

"சாமி வர்றதுன்னா என்னன்னு நெனச்ச? அன்கான்ஷியஸ் வெளிய வருது, அவ்ளோதான். உள்ள அமுக்கி வச்சதையெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவ கொட்டித் தீத்துடுறாங்க, அதான் நம்ம ஊரு பொம்பளைங்க பைத்தியம் பிடிக்காம இருக்காங்க." இதச் சொன்னது என் சித்தப்பா மகன். சிங்கப்பூர்ல வேல பாக்குறான், லீவுக்கு வந்தவன் ரங்கூன்ல ஒரு டீக்கடை குட்டி ஸ்டூல்ல முட்டிய மடக்கி உக்காந்துக்கிட்டு சமோசாவக் கடிச்சுக்கிட்டே சொன்னான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, கூட இருந்த ரெண்டு பேரு தலையாட்டவும் செஞ்சாங்க. எனக்கு மட்டும் அது எறங்கவே இல்ல. அவன் நாத்திகம் பேசுறான்னு எனக்குக் கோவம் கிடையாது, நானும் அப்படி ஒண்ணும் பெரிய பக்திமான் இல்ல. கொரோனா சமயத்துல வேலையில்லாம வீட்ல கெடந்தப்ப யுங், பிராய்டுன்னு மனசப் பத்தி எழுதுன டாக்டருங்க புத்தகம் கெடச்சதையெல்லாம் போன்லயே படிச்சுக் கண்ணக் கெடுத்துக்கிட்டவன் நான், அன்கான்ஷியஸ், அதான் அடிமனசுங்கற வார்த்தை எனக்கும் புதுசில்ல. ஆனா அவன் அந்தப் பேச்ச எடுத்ததே எங்க அத்தைய வச்சு. அத்தைக்கு வர்ற சாமி பல வருஷமா ஒரே கேள்வியத்தான் கேட்டுச்சு. கொட்டித் தீத்துட்டா மனசு லேசாயிடும்னா அதே கேள்வி, அதே வார்த்தையில, மறு வருஷமும் ஏன் வரணும்?

அத்தைன்னா அப்பாவோட கூடப்பொறந்த தங்கச்சி. கல்யாணம் ஆகல, எங்க வீட்டோடதான் இருக்கு. எங்க கிராமம் பர்மாவுல பெகு பக்கம், சுத்தி வயக்காடு, தமிழாளுங்க பாதி பர்மாக்காரங்க பாதி. அத்தை சத்தமா பேசி நான் கேட்டதே கெடையாது. அண்ணன் என்ன சொன்னாலும் "சரிண்ணே", நாங்க சின்னப்பசங்க என்ன கேட்டாலும் "இந்தாடா தம்பி". பொழுது விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, கன்னத்துல தனக்கா மரப்பட்டைய அரைச்சுப் பூசிக்கிட்டு, அடுப்பு, மாடு, கோழின்னு ராத்திரி வரைக்கும் நிக்காது. அதே அத்தை, தீமிதிக்குக் காப்புக் கட்டிட்டா வேற ஆளு. கரகம் கெளம்பி பம்பைச் சத்தம் ஏற ஏற மொதல்ல கால் கட்டவெரல் துடிக்கும், அப்புறம் தோளு, அப்புறம் முடி அவுந்துடும், அவ்ளோதான், வேப்பிலையப் பிடுங்கிக்கிட்டுக் கூட்டத்தக் கிழிச்சுட்டுப் போயி எங்கப்பா முன்னாடி நிக்கும். எங்கப்பா கோயில் கமிட்டியில இருக்கறவரு, வெள்ள வேட்டியும் சந்தனமுமா ஊரு மரியாதையோட நிப்பாரு. அவரப் பாத்து "டேய்"னுதான் ஆரம்பிக்கும். "டேய், எனக்கு வச்சது எங்கடா? எழுவத்தஞ்சு எழுவத்தஞ்சா எண்ணி வச்சேனே, எங்கடா போச்சு?"

இதுக்குப் பூசாரி ஐயா ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே அர்த்தம் சொல்லிட்டாரு. ஆத்தா எழுவத்தஞ்சு வெளக்கு கேக்குறா, முன்னோரு யாரோ நேந்துட்டு ஏத்தாம விட்டிருக்காங்க. அன்னையிலருந்து எங்க வீட்டுக் கணக்குல எழுவத்தஞ்சு எலுமிச்சம்பழ வெளக்கு. பழத்த அறுத்துப் பிழிஞ்சு தோலப் பெரட்டி எண்ணெய் ஊத்தித் திரி போடுறது எங்க வேல, எண்ணிக்கை ஒண்ணு கொறையக்கூடாது. சின்ன வயசுல எனக்குத் திருவிழான்னாலே வெரல் இடுக்குல எலுமிச்சம்பழச் சாறு எரியறதுதான் ஞாபகம் வரும். வெளக்க ஏத்துனதும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டு "ஏத்தியாச்சு தாயே"ம்பாரு, சாமி அவர ஒரு பார்வை பாக்கும், திரும்பிப் போயி நெருப்புல எறங்கிடும். மலையேறுனதும் அத்தை சுருண்டு விழும். தண்ணி தெளிச்சு உக்கார வச்சு சோடா குடுத்தா, "ஏதாச்சும் தப்பாப் பேசிட்டேனாண்ணே"ன்னு அப்பாகிட்டயே கேக்கும். அவரு "ஒண்ணுமில்ல புள்ள, போயிப் படு"ம்பாரு. விடிஞ்சா மொத ஆளா எந்திரிச்சு அண்டா தேய்ச்சுக்கிட்டு இருக்கும்.

இப்ப என் சித்தப்பா மகன் சொன்னதுக்கு வர்றேன். அவன் சொன்னது புதுசில்ல, நூறு வருஷத்துக்கு மேலான பழைய சரக்கு. 1895ல வியன்னாவுல ப்ராயர்னு ஒரு டாக்டரும் பிராய்டும் சேர்ந்து ஹிஸ்டீரியாங்கற மனநோய் பத்திப் புத்தகம் போட்டப்ப கிட்டத்தட்ட இதத்தான் சொன்னாங்க, அமுக்கி வச்ச விஷயத்த அந்த உணர்ச்சியோட பேசிக் கொட்டிட்டா நோய் போயிடும்னு. ப்ராயர்கிட்ட வைத்தியம் பாத்துக்கிட்ட அந்தப் பொண்ணே அதுக்குப் பொகக்கூண்ட சுத்தம் பண்றதுன்னு கிண்டலாப் பேரு வச்சிருந்தா. ஆனா பிராய்டே சீக்கிரம் அத விட்டுட்டு வேற பக்கம் போயிட்டாரு, கொட்டுனது திரும்பத் திரும்ப வந்து நின்னதும் ஒரு காரணம். கொட்டுறது ஒரு விஷயம், கொட்டுனத யாராச்சும் குனிஞ்சு பாக்குறது வேற விஷயம். அதுவும் கொட்டுன ஆளே பாக்குறதுங்கறது இன்னும் வேற.

யுங்கோட மாமா பொண்ணு

யுங்னதும் எல்லாரும் ஆர்க்கிடைப், மண்டலா, நிழல்னு பெரிய பெரிய எடத்துலதான் ஆரம்பிக்கிறாங்க. அந்தாளு ஆரம்பிச்சதே சாமி வர்ற ஒரு பொண்ணுகிட்டங்கறத நெறய பேரு கவனிக்கிறதில்ல. அந்தப் பொண்ணு வேற யாருமில்ல, அவரோட சொந்தத் தாய்மாமன் மக, ஹெலனா பிரைஸ்வெர்க். பதினஞ்சு பதினாறு வயசுப் பொண்ணு, சுவிட்சர்லாந்துல பாசல் ஊரு, பாதிரியாருங்க நெறைஞ்ச குடும்பம். மேசையச் சுத்தி உக்காந்து ஆவிகளக் கூப்புடற பழக்கம் அப்ப ஐரோப்பா பூரா இருந்துச்சு. இந்தப் பொண்ணு மேல மொதல்ல செத்துப்போன தாத்தா வந்து பேசுனாரு, அவரும் பாதிரியார்தான். அப்புறம் இன்னும் பலபேரு. எல்லாத்துக்கும் மேல இவெனஸ்னு ஒரு பெரிய மனுஷி வந்தா, நிதானமானவ, கம்பீரமானவ. சாதாரணமா பாசல் கொச்சையில பேசுற பொண்ணு சாமி வந்துட்டா சுத்தமான இலக்கண ஜெர்மன்ல பேசுனாளாம். பக்கத்துல உக்காந்து இதையெல்லாம் குறிப்பு எடுத்தது மெடிக்கல் காலேஜ் மாணவனான யுங். 1902ல ஸூரிக் யுனிவர்சிட்டிக்குக் குடுத்த டாக்டர் பட்ட ஆராய்ச்சியே இதான்.

அதுல அவரு சொன்ன ஒரு விஷயத்துக்காகத்தான் நான் யுங்க விடாமப் படிச்சேன். ஆவியா இல்லையாங்கற சண்டைய ஓரமா வச்சுட்டு, இந்த இவெனஸ் யாருன்னா அந்தப் பொண்ணு வளந்து ஆகப்போற ஆளு, சின்னப் பொண்ணா வீட்டுல அதுக்கு எடம் கெடைக்காததால இப்படி மயக்கத்துல வந்து எட்டிப்பாக்குதுன்னாரு. அதாவது அமுங்கிக் கெடக்குறது எல்லாம் குப்பை இல்ல, வாழாம போன பாதி மனுஷனும் அங்கதான் கெடக்குறான்னு அர்த்தம். கொட்டிக் கழிச்சுட்டா அவனும் சேந்து போயிடுவான், அவன உள்ள கூப்புட்டு உக்கார வைக்கணும். அப்புறம் அவரு வாழ்க்க முழுக்க எழுதுனதெல்லாம் இந்த ஒரு வெதையிலருந்து வந்ததுதான்னு எனக்குத் தோணும், ஒத்துக்காதவங்க ஒத்துக்காம போங்க.

ஆனா அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. ஆராய்ச்சியில பேர மாத்தி ரெண்டு எழுத்துதான் போட்டாரு, ஆனா ஊருக்குள்ள யாருன்னு தெரிஞ்சு போச்சு. அவ துணி தைக்கிற தொழில் கத்துக்கிட்டு நல்ல தையக்காரியா ஆயி, 1911ல சின்ன வயசுலயே செத்துப்போனா. அவ பேசுனத அவளே கேட்டு, அதுல எது எங்குரல்னு ஒரு தடவ உக்காந்து யோசிக்க யாரும் ஒக்கார வச்சதா தெரியல. குறிப்பு எடுத்தாங்க, அவ்ளோதான். பூசாரி ஐயா வெளக்குன்னாரு, சித்தப்பா மகன் அன்கான்ஷியஸ்னான், யுங் பட்டம் வாங்குனாரு. மூணு பேருமே சாமியப் பாத்தாங்க. சாமி வந்த ஆளப் பாத்து "ஏம்மா, உனக்கு என்ன தோணுது?"ன்னு கேக்கல. நியாயத்தச் சொல்லணும்னா யுங் பின்னாடி மாறுனாரு. கனவுக்கு அர்த்தம் சொல்றதுக்கு முன்னாடி கனவு கண்ட ஆளுக்கு அதுல ஒவ்வொண்ணும் எத ஞாபகப்படுத்துதுன்னு மொதல்ல கேளுங்கறதுதான் அவரு மாணவங்களுக்குச் சொன்னது.

அடுப்படியில நடந்தது

மூணு வருஷமோ நாலு வருஷமோ இருக்கும், தீமிதி முடிஞ்ச மறுநாள். அடுப்படியில அத்தை கருவாட்டு எறாவ இடிச்சு, பூண்டு வெங்காயம் போட்டு எண்ணெயில பலாச்சாங் வறுத்துக்கிட்டு இருந்துச்சு. என் அக்கா மகன், பத்து வயசு வாண்டு, முந்தின ராத்திரி எடுத்த வீடியோவ மணையில உக்காந்து சத்தமா வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான். பம்பைச் சத்தம், கூட்டத்துச் சத்தம், அப்புறம் அந்தக் குரல். அத்தை கரண்டிய நிறுத்திட்டு "யாருடா அது?"ன்னுச்சு. "நீதான் பாட்டி"ன்னான் அவன். எனக்குத் திக்குனு ஆயிடுச்சு, சாமி வந்தவங்ககிட்ட அதக் காட்டக்கூடாதுன்னு எங்க ஊருல ஒரு பேச்சு உண்டு. போனப் பிடுங்கலாம்னு எந்திரிச்சேன், அதுக்குள்ள அத்தை கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு வாங்கிடுச்சு.

தூரப்பார்வை அதுக்கு, கைய நீட்டி எட்டப் பிடிச்சுக்கிட்டுதான் பாத்துச்சு. கை எண்ணெய் முழுசாப் போகல, கட்டவெரல் ஸ்கிரீன்ல படவும் வீடியோ நின்னுடுச்சு, வாண்டு திரும்ப ஓட விட்டான், திரும்பப் பட்டு நின்னுச்சு, திரும்ப ஓட விட்டான். அதனால "எழுவத்தஞ்சு எழுவத்தஞ்சா எண்ணி வச்சேனே"ங்கறத மட்டும் மூணு நாலு தடவ கேக்க வேண்டியதாப் போச்சு. அடுப்புல பூண்டு கருக ஆரம்பிச்சுது, யாரும் எறக்கல. அத்தை மொகத்துல பயம் இல்ல, வெக்கமும் இல்ல. பஞ்சாயத்துல ரெண்டாவது கட்சி என்ன சொல்லுதுன்னு கேக்குற ஆளு மாதிரி புருவத்தச் சுருக்கிக்கிட்டுக் கேட்டுச்சு. அப்புறம் சொன்னுச்சு: "இவ சரியாத்தான கேக்குறா. வெளக்குன்னு எவன்டா சொன்னது? எழுவத்தஞ்சு சாட்டு நோட்டுல்ல அது."

வாசல்ல அப்பா வெத்தலப் பெட்டியோட உக்காந்திருந்தாரு. பாக்கு வெட்டுற சத்தம் நின்னு போச்சு. கொஞ்ச நேரத்துல செருப்பு மாட்டிக்கிட்டு வயப்பக்கம் போனாரு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வரல.

சாட்டுங்கறது எங்க நாட்டுப் பணம். எங்களுக்கு, எங்க வயசுக்காரங்களுக்கு, எழுவத்தஞ்சு சாட்டு நோட்டுன்னு ஒண்ணு இருந்ததே கதையாத்தான் தெரியும். 1985 கடைசியில பழைய பெரிய நோட்டையெல்லாம் செல்லாதுன்னுட்டு அத எறக்குனாங்க, அப்ப நாட்ட ஆண்ட நே வினுக்கு எழுவத்தஞ்சு வயசு ஆனதுக்காகன்னு சொல்லுவாங்க. அடுத்த வருஷம் முப்பத்தஞ்சு சாட்டு நோட்டு. அப்புறம் 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை, இருவத்தஞ்சு, முப்பத்தஞ்சு, எழுவத்தஞ்சு மூணும் செல்லாதுன்னு ரேடியோவுல அறிவிப்பு. முன்கூட்டியே ஒரு வார்த்தை கெடையாது, மாத்திக்கவும் முடியாது, நஷ்டஈடும் கெடையாது. நாட்டுல பொழங்குன பணத்துல பாதிக்கு மேல ஒரே நாள்ல வெறும் காகிதம். பதிலுக்கு நாப்பத்தஞ்சு, தொண்ணூறுன்னு நோட்டு அடிச்சாங்க, ரெண்டும் ஒம்போதால வகுபடும், அவருக்கு ஒம்போது ராசியாம். ஒரு நாட்டோட கஜானாவையே ஒருத்தரோட ராசி எண்ணு நடத்துனா அதுக்கு அன்கான்ஷியஸ்ல என்ன பேருன்னு என் சித்தப்பா மகன்கிட்டதான் கேக்கணும். மறு வருஷம் 88ல நாடே ஆட்சிய எதுத்துத் தெருவுல எறங்குனது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

எங்க வீட்டுல நடந்தத அத்தை அன்னைக்கு அடுப்படியிலயே உக்காந்து சொன்னுச்சு. நாத்து நட்ட கூலி, அறுப்புக் கூலி, முறுக்கு சுட்டு வித்தது, எல்லாம் சின்னச் சின்ன நோட்டா அதோட கல்யாணத்துக்குன்னு சேத்து வச்சிருந்திருக்கு. "இத்தன நோட்ட எங்க புள்ள ஒளிச்சு வைப்ப, எலி கடிச்சுரும், நான் பெருசா மாத்தித் தர்றேன்"னு அண்ணன்தான் மாத்திக் குடுத்தது. நெல்லுக் குதிருக்குள்ள துணியில கட்டி வச்சு, அப்பப்ப எடுத்து எண்ணிப் பாக்குமாம். செப்டம்பர்ல அறிவிப்பு வந்துச்சு, தை மாசம் வச்சிருந்த கல்யாணம் நின்னுச்சு, மாப்பிள்ள வீட்டுலயும் எல்லாம் போச்சு, அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க. அண்ணன் மேல தப்புன்னு யாரும் சொல்லல, எப்படிச் சொல்ல முடியும், அவரு நல்லதுக்குத்தான் மாத்துனாரு, சர்க்காருதான் பண்ணுச்சு. தப்பே இல்லாததால அதப் பத்திப் பேச வேண்டிய அவசியமும் இல்லாமப் போயிடுச்சு. யாருமே பேசல. வீட்டுக்கு வந்த மருமகளுங்களுக்கு, அதான் எங்கம்மாவுக்கே, இது தெரியாது.

எனக்கு இதுதான் இந்தக் கதையில ரொம்ப உறைக்குற எடம். கெட்டவன் ஒருத்தன் இருந்திருந்தா அத்தை நேராவே திட்டியிருக்கும். நல்லவரா இருந்து, சோறு போட்டு, தங்கச்சியக் கைவிடாம வச்சிருக்கிற அண்ணன எப்படிக் கேள்வி கேக்குறது? கேக்க வாயில்லாதப்ப அந்தக் கேள்விக்கு வேற வாய் வேணும். யுங் பர்க்ஹோல்ஸ்லி ஆஸ்பத்திரியில வேல பாத்தப்ப நூறு வார்த்தைய ஒவ்வொண்ணாச் சொல்லி, உடனே மனசுல தோணுறதச் சொல்லுன்னு ஸ்டாப்வாட்ச் வச்சு நேரம் அளந்தாரு. எந்த வார்த்தைக்குப் பதில் தாமதமாகுதோ அங்க என்னமோ கெடக்கு, அதுதான் காம்ப்ளெக்ஸ். எங்க வீட்டுல ஸ்டாப்வாட்ச் வச்சிருந்தா கல்யாணம்ங்கற வார்த்தைக்கும் நோட்டுங்கற வார்த்தைக்கும் அப்பாவுக்கு எத்தன வினாடி ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாக்குறேன். காம்ப்ளெக்ஸ் நம்மகிட்ட இருக்குன்னு நாம சொல்றோம், நாமதான் அதுகிட்ட மாட்டியிருக்கோம்னு யுங் பின்னாடி எழுதுனாரு. அத்தை மேல வந்தது அத்தையோடது மட்டும்னு நானும் ரொம்ப நாள் நெனச்சுட்டேன், அதுல பாதி அப்பாவோடது.

ரெண்டு பேரும் ஒரே எடத்துல

சாமி கேக்கும்போது அத்தை அங்க இல்ல. அத்தை இருக்கும்போது சாமி கேக்கல. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நேருக்கு நேரா இருந்தது அந்த அடுப்படியிலதான், அதுவும் போனுக்குள்ள ஒருத்தி வெளிய ஒருத்தி. நனவு மனசும் அடிமனசும் சேர்றதுன்னு புத்தகத்துல பக்கம் பக்கமா எழுதறது என்னன்னு எனக்கு அப்பதான் கொஞ்சம் புடிபட்டுச்சு.

பிராய்டோட 1913ல முறிச்சுக்கிட்டு யுங் தனியா நின்னப்ப அவருக்கே சாமி வந்த மாதிரிதான் ஆயிடுச்சு, கண்ண மூடுனா உருவம், குரல். அப்ப அவரு செஞ்சதுலதான் விஷயம் இருக்கு. குரல் சொல்றத அப்படியே கேட்டு ஆடல, வாய மூடுன்னும் அடக்கல, முழிப்போட உக்காந்து அதுங்களோட பேசுனாரு, எழுதி வச்சாரு, படம் வரைஞ்சாரு. ஒரு பொம்பளக் குரல் அவருகிட்ட நீ செய்யுறது கலைன்னு சொல்லுச்சாம். இவரு இல்லைன்னு மறுத்தாரு. அது திரும்பவும் கலைதான்னுச்சு, இவரு திரும்பவும் மறுத்தாரு. தனக்குள்ள வர்ற குரலோட வாதம் பண்றதா, எங்க ஊருல யாராச்சும் ஆத்தாகிட்ட எதுத்துப் பேசிட முடியுமா? ஆனா 1916ல எழுதி, 1957 வரைக்கும் அச்சுக்குப் போகாமக் கெடந்த ஒரு கட்டுரையில அவரு இதத்தான் அழுத்திச் சொல்றாரு: உள்ளருந்து வர்றதுக்கு எவ்வளவு மரியாத குடுக்கணுமோ அதே அளவு மரியாத முழிச்சிருக்கிற ஆளோட பேச்சுக்கும் உண்டு. ஒருத்தர் இன்னொருத்தர முழுங்கக்கூடாது. அப்படி ரெண்டு கட்சியும் விட்டுக்குடுக்காம உக்காந்திருந்தா, ரெண்டு பேருமே எதிர்பாக்காத மூணாவது ஒண்ணு பொறக்கும்.

பிராய்டு இதுக்கு வேற மாதிரி ஒரு படம் குடுத்தாரு. அடிமனசு இருந்த எடத்துல நான்ங்கறது வரணும், அது ஹாலந்துக்காரங்க சைடர் ஸே கடல வத்த வச்சு நெலமாக்குற மாதிரி வேலன்னு. அந்தப் பெரிய அணை 1932ல கட்டி முடிஞ்சிருந்தது, அவரு எழுதுனதும் அந்தச் சமயந்தான். இதப் படிச்சப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஏன்னா அந்த வேலையச் செய்யத்தான் எங்க பாட்டன் பூட்டனக் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தாங்க. ஐராவதி டெல்டா பூரா சதுப்பும் காடும், வெட்டி, வரப்புக் கட்டி, நெல்லு வெளைய வச்சதுல தமிழன், தெலுங்கன் வேர்வ எவ்வளவோ. அப்படி வேல செஞ்சவனுக்குத் தெரியும் தண்ணி எங்கயும் போகலைன்னு. ஒவ்வொரு மழைக்கும் மதகப் பாக்கணும், எந்தப் பக்கம் தெறக்கணும்னு தெரியணும். 2008 மே மாசம் நர்கிஸ் அடிச்சப்ப ஒரே ராத்திரியில கடல் உள்ள வந்து லட்சம் பேருக்கு மேல கொண்டு போச்சு. அதனால கடல நெலமாக்கிட்டேன்னு சொல்ற மனசாஸ்திரத்த விட மதகுக்காரன் சாஸ்திரம்தான் எனக்கு ஒத்துவருது.

அப்பா அஞ்சாறு நாள் அத்தை மொகத்தப் பாக்கவே இல்ல. அம்மாதான் நடுவுல கெடந்து தவிச்சுச்சு, "அப்ப இத்தன வருஷமா வந்தது சாமி இல்லையா, பொய்யா?"ன்னு என்னையக் கேட்டுச்சு, நான் என்னத்தச் சொல்ல. அதுக்குப் பதில் அத்தைதான் சொன்னுச்சு, ரொம்ப சாதாரணமா, கீரை ஆஞ்சுக்கிட்டே: "ஆத்தாதான் வந்தா. எனக்கு வாயில்லைன்னு எனக்காக அவ கேட்டா. இனிமே நான் கேக்கணும்ல?" யுங்கோட பல பக்கத்த விட இது எனக்குப் போதும். சாமியும் பொய்யாகல, காசும் பொய்யாகல. அப்புறம் ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவுன எடத்துல வச்சு அத்தை கேட்டுடுச்சு, "அண்ணே, என் காசு என்னண்ணே ஆச்சு?" டேயும் இல்ல, எங்கடாவும் இல்ல. அப்பா சொம்பக் கீழ வச்சுட்டு, "நாந்தான் புள்ள மாத்தச் சொன்னேன்"ன்னாரு. அவ்ளோதான் பேசுனாரு. நெல்லு வித்ததும் தர்றேன்னாரு. "நோட்டா குடுத்தா எனக்கு வேணாம், தங்கமா குடு"ன்னுச்சு அத்தை. அறுப்பு முடிஞ்சு ரெண்டு வளையல் வந்துச்சு. அன்னைய காசுக்கு இன்னைய கணக்கு என்னன்னு யாரும் போட்டுப் பாக்கல, போடவும் முடியாது, சாட்டு மதிப்பு இப்ப கெடக்குற கெடைக்கு.

வீட்டுல அமைதி வந்துடுச்சுன்னு நெனச்சுடாதீங்க. அத்தை இப்ப வாய்க்கு வாய் பேசுது, கொழம்புல உப்பு இல்லைன்னா "நீ வந்து போடுண்ணே"ங்குது, ஒரு வளையல அடகு வச்சு அக்கம்பக்கத்துல வட்டிக்கு வேற விடுது, அப்பா அதுக்குக் கத்துறாரு. பழைய அத்தையே தேவலாம்னு எங்கம்மா ரெண்டு மூணு தடவ சொல்லிடுச்சு. உள்ள கெடந்தது வெளிய வந்து வீட்டுல ஒரு ஆளா ஒக்காந்துட்டா அதுக்கும் சோறு போடணும், அது குணத்தையும் பொறுத்துக்கணும். ஆனந்தம், முழுமைன்னு இதப் பத்திப் பேசுறவங்க கூட ஒரு மாசம் எங்க வீட்டுல இருந்து பாக்கலாம்.

பக்கத்து வீட்டுத் தேங்கா

எங்க பக்கத்து வீடு பர்மாக்காரங்க. அவங்க வீட்டுத் தூணுல செவப்புத் துணி கட்டுன தேங்கா ஒண்ணு தொங்கும், வீட்டுக் காவல் நட்டுக்கு. நட்டுன்னா பர்மாக்காரங்க கும்புடற ஆவித் தெய்வம். அந்த நட்டு உசுரோட இருந்தப்ப தகவுங் ஊருக் கொல்லன், பலசாலி, அவனுக்குப் பயந்த ராஜா அவன் தங்கச்சியையே கட்டிக்கிட்டு, நயமாப் பேசி வரவழைச்சு செண்பக மரத்துல கட்டி எரிச்சுட்டான். தங்கச்சி ஓடி வந்து அதே நெருப்புல விழுந்தா. இழுத்துப் பாத்தாங்க, மொகம் மட்டும்தான் மிஞ்சுச்சாம். தீக்காயத்துக்குக் குளிர்ச்சின்னுதான் தேங்கா. இந்தக் கதையப் பக்கத்து வீட்டு அம்மா அத்தைக்குச் சொல்லி, அத்தை எனக்குச் சொன்னப்ப எனக்குக் கையும் மண்டையும் பரபரன்னுச்சு. அண்ணன், தங்கச்சி, நின்னு போன வாழ்க்க, நெருப்பு, வருஷா வருஷம் எங்க அத்தை மிதிக்கிற பூக்குழி, எல்லாம் அப்படியே பொருந்துது! உக்காந்து எழுதுனா யுங் பாணியில பிரமாதமா ஒரு கட்டுரை வந்துடும். அங்கதான் நிறுத்திக்கிட்டேன். பூசாரி ஐயாவுக்கும் எழுவத்தஞ்சு வெளக்கு இப்படித்தான் பொருந்தியிருக்கும். பாம்புன்னா இது, தண்ணின்னா அது, கெழவன்னா ஞானம்னு அகராதி வச்சுக்கிட்டு அடுத்தவங்க கனவுக்கு அர்த்தம் சொல்ற யுங்கியனுங்க எல்லாருமே எனக்குச் சந்தனம் வைக்காத பூசாரிங்களாத்தான் தெரியறாங்க.

ஆனா அந்த நட்டுங்க கதையில இன்னொரு பகுதி இருக்கு, அத மட்டும் விட மனசில்ல. பதினொண்ணாம் நூற்றாண்டுல பகான் ராஜா அனவ்ரதா புத்த மதத்த நெலநாட்டுனப்ப நட்டு வழிபாட்ட ஒழிக்கப் பாத்து முடியாம, கடைசியில நட்டுங்க முப்பத்தேழு பேருன்னு வரிசை போட்டு, இந்திரனான தஜாமின்ன அதுக்குத் தலைவனா வச்சு, ஷ்வேஸிகோன் புத்தர் கோயிலோட வளாகத்துக்குள்ளயே எல்லாருக்கும் எடம் குடுத்தாருன்னு சொல்லுவாங்க. அந்த முப்பத்தேழுல முக்காவாசிப் பேரு அகால மரணம், ராஜாவால கொல்லப்பட்டவங்களும் உண்டு. கொன்ன அரசாங்கமே அவங்களுக்கு உள்ள எடம் குடுத்து ஒக்கார வைக்கணும்னா அது லேசுப்பட்ட விஷயமா? நடுவுல புத்தரு, ஓரத்துல நட்டுங்க. யாரு பெரியவங்கங்கறதுல சந்தேகம் இல்ல, யாரையும் வெளிய தள்ளவும் இல்ல.

சித்தப்பா மகன்கிட்ட அந்த டீக்கடையில நான் இதுல ஒண்ணையும் சொல்லல, அவனுக்கு பிளைட்டுக்கு நேரமாச்சு. அதனாலதான் இங்க எழுதலாம்னு தோணுச்சு. யுங்கோட மாமா பொண்ணு கதையப் படிச்சதுக்கப்புறம் கேக்காம எழுத மனசு வரல, அத்தைகிட்டயே கேட்டேன், ஒவ்வொண்ணாப் படிச்சும் காட்டுனேன். நோட்டு விஷயத்த எழுதிக்கோன்னுச்சு, அண்ணன் பேரு போடாதேன்னுச்சு, வட்டிக்கு விடுறத எழுதாதேன்னுச்சு, அப்புறம் சரி எழுதித் தொலைன்னுச்சு. வளையல் வந்த வருஷம் அத்தைக்குச் சாமி வரல, ஊருல நாலு பேரு ஆத்தா கோச்சுக்கிட்டான்னு பேசுனாங்க, பூசாரி ஐயாவுக்கும் மொகம் தொங்கிப் போச்சு. போன தீமிதிக்குத் திரும்ப வந்துடுச்சு. இந்த தடவ அப்பாகிட்ட போகல, எழுவத்தஞ்சும் இல்ல, கேட்டது வேற ஒண்ணு. மறுநாள் காலையில அத்தையே வாண்டுகிட்ட போன வாங்கி வீடியோவப் பாத்துச்சு, ரெண்டு தடவ. அதுல என்ன கேட்டுதுன்னு மட்டும் எழுதக்கூடாதுன்னு கண்டிஷன்.